கருங்கோட்டையின் விலைவாசியும் சாராள் அக்காவின் முட்டையும்

நான் ஒரு ஊரைக் கெடுத்தவன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரின் பெயர் கருங்கோட்டை, மக்கள்தொகை அறுநூறு. வரைபடத்தில் தேட வேண்டாம். அது ஒரு நாற்பது பக்க நோட்டில் நீல மையில் மட்டும் இருந்த ஊர். கெடுத்ததோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கெடுத்ததைச் சரிசெய்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பியதில்தான், திண்டுக்கல்லில் நிஜமாகவே இருக்கும் எங்கள் கிறிஸ்தவ சபையின் கூரைக்கு வேட்டு வைத்தேன். அதையும் ரகசியமாகச் செய்யவில்லை. கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, எம்.காம். இரண்டாம் வருடம். அந்த வயதில் எம்.காம். படிப்பவனுக்குப் புரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. (எங்களோடு ஒரே பஸ்ஸில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.)

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த சித்தப்பா மகன் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். அம்மாவுக்கு அவற்றைக் கண்டதும் சிலுவையடியில் உட்கார்ந்து இயேசுவின் அங்கிக்குச் சீட்டுப்போட்ட சேவகர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். காசு வைத்து ஆடக்கூடாது என்ற நிபந்தனையோடு மாடி அறையில் அனுமதி கிடைத்தது. நாங்கள் காசு வைக்கவில்லை. பொற்காசு வைத்தோம்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, குள்ளன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது, எல்லாம் பேச்சுதான். ‘குகைக்குள் போகிறேன்’ என்பார் ஒருவர். ‘உள்ளே பூதம் நிற்கிறது’ என்பார் நடத்துபவர். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பூதம் செத்தால் புதையல் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, நல்ல வாளும் கவசமும் வாங்கிக்கொண்டு அடுத்த குகைக்குப் போக வேண்டும். அந்த ஊரில் யார் ராஜா, யார் வியாபாரி, ஆடு என்ன விலை என்பதெல்லாம் நடத்துபவரின் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் கடவுள் வேலை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆடுபவர்கள் மூன்று பேர். முருகேசன் என் வகுப்பு. அவன் அப்பாவுக்குக் காய்கறிக் கமிஷன் கடை. விவசாயிகள் கொண்டுவரும் சரக்கை விடியற்காலையில் ஏலம் விட்டு, விற்ற தொகையில் கமிஷன் எடுத்துக்கொள்ளும் கடை. தொட்டிலிலேயே தக்காளி விலை கேட்டு வளர்ந்தவன். பாண்டிக்கு ஊர் சேவுகம்பட்டிப் பக்கம். தோட்டம், தென்னை போதாதென்று அவன் அப்பா வருடாவருடம் புளியமர மகசூலை ஏலத்தில் எடுப்பார். மூன்றாவது ஆள் என் தங்கை எஸ்தர், பி.எஸ்சி. கணிதம். இந்த மூவரை வைத்துக்கொண்டு வீரதீரக் கதை நடத்தலாம் என்று நம்பியவனின் அறிவை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாகல் நகரில் எங்கள் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறையில் ஆட்டம் நடக்கும். மூன்று மாதம் நன்றாகவே போனது. பிறகு டிராகன் வந்தது. அதை ஆறு மாதத்துக்கு இழுக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். எஸ்தர் இரண்டு முறை உருட்டினாள், இரண்டு முறையும் இருபது விழுந்தது. டிராகன் கால் மணி நேரத்தில் செத்துப்போனது. புதையல் எவ்வளவு என்று கேட்டார்கள். விதிப்புத்தகத்தில் அதற்கென்று ஓர் அட்டவணை இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நாற்பதாயிரம் பொற்காசு என்றேன். சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது.

கருங்கோட்டையில் ஓர் ஆடு ஒரு பொற்காசு. அந்த ஊருக்குள் நாற்பதாயிரம் பொற்காசு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. வாள் கடைக்குப் போவார்கள் என்று நான் வாள்களின் பட்டியலோடு காத்திருந்தேன். முருகேசன் வாளைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஊருக்குள்ள மொத்தம் எத்தன ஆடு இருக்கும் மாப்ள?” என்றான்.

இருநூறு என்றேன்.

“அம்புட்டையும் வாங்கிக்கிறேன்.”

பாண்டி தானியம் முழுவதையும் வாங்கினான். எஸ்தர் இரண்டு சத்திரங்களையும், ஊர்க்கிணற்றில் இருந்த வாளிகள் அத்தனையையும் வாங்கினாள். கிணற்றை ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு, கிணறு ராஜாவுடையது, தகராறு வரும், வாளி என்றால் வராது என்றாள்.

பணம் பெருகிச் சரக்கு பெருகாவிட்டால் விலை ஏறும் என்று நான் படித்திருந்தேன். படித்ததைப் பயன்படுத்தி அவர்களைத் தண்டிக்க முடிவுசெய்தேன். அடுத்த வாரம் ஆட்டின் விலை பத்துப் பொற்காசு என்று அறிவித்தேன். மூன்று பேரும் கைதட்டினார்கள். ஆடு வைத்திருந்தவர்களே அவர்கள்தான் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. வெள்ளம் கொண்டுவந்தேன், தானிய விலை ஏறி பாண்டி கொழுத்தான். கொள்ளைக்காரர்களை அனுப்பினேன், எஸ்தர் அவர்களுக்கு மாதச் சம்பளம் பேசிக் காவலுக்கு வைத்துக்கொண்டாள். பிரவுசிங் சென்டரில் பணம் கட்டி உட்கார்ந்து, வெளிநாட்டில் இதே ஆட்டம் ஆடுகிறவர்களின் யோசனைகளைத் தேடினேன். பணக்காரர்களுக்கு ஒரு கோட்டையைக் கொடுத்துவிடு, பராமரிப்புச் செலவிலேயே அழிந்துபோவார்கள் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். கொடுத்தேன். முருகேசன் அதைக் கல்யாண மண்டபமாக வாடகைக்கு விட்டான்.

நான் விடுவதாக இல்லை. சந்தை வரி வசூலிக்கும் உரிமையை ராஜா ஏலம் விடுகிறார் என்று அறிவித்தேன். மூவரும் போட்டி போட்டு ஏற்றுவார்கள், பணம் கரையும் என்பது கணக்கு. செத்த நேரம் இருக்கச் சொல்லிவிட்டு மூவரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று பேசினார்கள். திரும்பி வந்தார்கள். ஐந்நூறில் தொடங்கினேன். பாண்டி ஐந்நூற்றுப் பத்து என்றான். மற்ற இருவரும் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலம் முடிந்தது. மறுபடியும் தொட்டிப் பக்கம் போய், தங்களுக்குள் ஒரு ஏலம் நடத்தி, ராஜாவுக்குக் கொடுத்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பங்குபோட்டுக்கொண்டு வந்தார்கள். இது என்ன அநியாயம் என்று கேட்டேன்.

“ஏலம் கேக்குறவன்லாம் மொதல்ல டீக்கடையில பேசிக்கிறணும் மாப்ள,” என்றான் பாண்டி, பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல. “பேசாம வந்து கேட்டா அதுக்குப் பேரு ஏலமா?”

இந்த நிலையில்தான் ஆபத்து வந்தது. அவர்கள் குகைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். தினக்கூலிக்கு எட்டுப் பேரை அமர்த்தி அவர்களை அனுப்பினார்கள். நான் வர்ணித்த பூதங்களை யாரோ கூலியாட்கள் வெட்டிக்கொண்டிருக்க, இவர்கள் மாடியில் முறுக்குத் தின்றார்கள். ஒரு ஞாயிறு முருகேசன் கொட்டாவி விட்டுக்கொண்டே, இனி இதில் என்ன இருக்கிறது, அடுத்த வாரத்திலிருந்து கேரம் ஆடலாமா என்று கேட்டான்.

சிரிக்காதீர்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கிரிக்கெட்டில் என்னைக் கடைசியாகத்தான் சேர்ப்பார்கள். வகுப்பில் நான் பேச வாயைத் திறந்தால் பெஞ்சு காலியாகும். வாரத்தில் நாலு மணி நேரம், மூன்று பேர், அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம் அந்த மாடி அறை ஒன்றுதான். அதை ஒரு கேரம் பலகைக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அந்த நாற்பதாயிரத்தை அவர்கள் கையிலிருந்து எப்படியாவது இறக்கியே தீருவது, அதற்கு முதலில் இந்த ஏலக் கூட்டணியை உடைப்பது என்று சபதம் எடுத்தேன்.

அதற்கு ஒரு நிஜ ஏலத்தை நடத்திப் பழக வேண்டும் என்று தோன்றியது. ஏலம் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

எங்கள் சபையில் புரட்டாசியில் அறுப்பின் பண்டிகை வரும். ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணி, வாழைத்தார், சேவல், அரிசி, கேக் எல்லாவற்றையும் காம்பவுண்டில் பந்தல் போட்டு ஏலம் விடுவார்கள். சபைப் பொருளாளரான அப்பாதான் பதினைந்து வருடமாக ஏலம் விடுபவர். அது விசித்திரமான ஏலம். முப்பது ரூபாய் பூசணிக்காயை ஒருவர் முந்நூறுக்கு எடுப்பார். எடுத்தவர் பணத்தைக் கட்டுவார், காயை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். “திரும்ப வைங்க” என்பார். அதே பூசணிக்காயை மறுபடி ஏலம் விடுவார்கள். இன்னொருவர் நானூறுக்கு எடுத்து அவரும் திரும்ப வைப்பார். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த நான், எம்.காம். சேர்ந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: இந்த ஜனங்களுக்கு விலை தெரியவில்லை.

ஒவ்வொரு வருடமும் அதிகத் தொகைக்குப் போவது சாராள் அக்காவின் முட்டை. சாராள் அக்கா எங்கள் தெருவில் இட்லி வியாபாரம் செய்பவர். கணவர் இல்லை, மகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள், வீட்டில் ஒரே ஒரு கோழி. பண்டிகைக்கு ஒரு செம்பில் தவிட்டைக் கொட்டி, அதன்மேல் ஒரு முட்டையை வைத்துக் கொண்டுவருவார். கடைசிப் பொருளாக அதைத்தான் ஏலம் விடுவார்கள். அது ஏழெட்டுக் கை மாறும். முந்தைய வருடம் மொத்தத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வந்தது. முடிவில் போதகர் கணக்கு வாசிக்கும்போது, “சாராள், முட்டை ஒன்று, ஆயிரத்து எண்ணூறு” என்று மைக்கில் சொல்வார். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவே அக்கா கஞ்சி போட்ட புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

அந்த வருடம் ஏலப் பணம் முழுவதும் கூரைக்கு என்று சபைக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. கோயிலின் மேலே இருந்த கல்நார் தகடுகள் விரிசல்விட்டு, மழை பெய்தால் ஜனங்கள் குடையோடு ஜெபிக்கும் நிலைமை. ஐப்பசி மழைக்குள் தகடு மாற்ற வேண்டும். அப்பா தச்சரிடம் பேசி முடித்துவிட்டார். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அப்பாவுக்குச் சளி பிடித்து, தொண்டை அடைத்து, குரல் சுத்தமாகப் போய்விட்டது. யார் ஏலம் விடுவது என்ற கேள்வி வந்ததும், நான் விடுகிறேன் என்று முன்னால் போய் நின்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முருகேசனையும் பாண்டியையும் விருந்துக்கு அழைத்தேன். விருந்தோடு ஒரு சவாலும் விட்டேன்: நிஜ ஏலம், நீங்களும் கேட்கலாம், உங்கள் கூட்டணியால் என்னிடமிருந்து ஒரு பொருளையாவது விலை குறைத்து எடுக்க முடிகிறதா பார்ப்போம். கூட்டணியை உடைக்க நான் கண்டுபிடித்திருந்த ஆயுதம் விலைப்பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் சரியான சந்தை விலையை மைக்கில் முதலிலேயே சொல்லிவிட்டால், எல்லோருக்கும் உண்மை விலை தெரியும், யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதினேன். விலைகளை முருகேசனிடமே கேட்டு வாங்கினேன். அவனும் அக்கறையாகச் சொன்னான்.

பண்டிகையன்று இருவரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். முருகேசன் நெற்றியில் விபூதிப் பட்டையோடு வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். பந்தலில் இருநூறு பேர் இருந்தார்கள். போதகர், பிரியாணி அண்டாவைப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ ஆரம்பி தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதலில் பூசணிக்காய். எட்டுக் கிலோ, சந்தை விலை முப்பத்திரண்டு ரூபாய் என்று அறிவித்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் சபையில் உண்டு, எல்லோரும் எச்.எம். சார் என்போம். ஒவ்வொரு வருடமும் முதல் பொருளை அவர்தான் எடுப்பார். அவர் எழுந்து நின்று, “முந்நூறு” என்றார்.

ஆறு மாதமாகக் கருங்கோட்டையில் விலையேற்றத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் உடம்பெல்லாம் பதறியது.

“சார், உக்காருங்க சார்,” என்றேன் மைக்கில். “இது முப்பத்திரெண்டு ரூவாதான். நீங்க ஏமாறக் கூடாது.”

எச்.எம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். சரி தம்பி, முப்பத்திரண்டுக்கே எடுத்துக்கொள்கிறேன், திரும்ப வை என்றார். விற்ற பொருளை மறுபடி விற்பது வியாபார ஒழுங்கு கிடையாது என்று விளக்கினேன். பிறகு, மைக் கையில் இருந்த ஒரே காரணத்தால், பணவீக்கம் என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் பேசினேன். (இதை எஸ்தர் பத்து நிமிடம் என்கிறாள். அவள் கணக்குப் படித்தவள், அவள் சொல்வதே சரியாக இருக்கும்.) எச்.எம். சார் எட்டுக் கிலோ பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார்.

ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். போதகர் ஐயா புதிதாக ஏதோ சட்டம் போட்டிருக்கிறார் போல என்று முணுமுணுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். சந்தை விலைக்குக் காய் வாங்க அவர்களில் யாரும் வரவில்லை. அடுத்து வாழைத்தார். விலை சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஆளில்லாவிட்டால் பத்து சதவீதம் குறைப்பது என்றும் என் பட்டியலில் ஒரு விதி இருந்தது. குறைத்தேன். முருகேசன் கையைத் தூக்கினான். அடுத்த பொருளுக்குப் பாண்டி தூக்கினான். ஒருவன் கேட்கும்போது இன்னொருவன் பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விடவில்லை. இன்னும் தெளிவாக, இன்னும் சத்தமாக, விலைகளை அறிவித்துக்கொண்டே போனேன். அரிசி மூட்டை, தேங்காய், சேவல் நாலு, கத்தரிக்காய்க் கூடை, எல்லாம் அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தன.

பந்தலின் கடைசியில் அப்பா நின்றிருந்தார். குரல் இல்லாததால் தலைக்குமேல் துண்டைச் சுழற்றினார். பிறகு பெஞ்சின்மேல் ஏறிச் சுழற்றினார். மகன் மைக்கில் பேசுவதைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கையசைத்தேன்.

கடைசியாக முட்டை. சாராள் அக்கா செம்பை இரண்டு கையாலும் ஏந்தி மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். முகத்தில் சிரிப்பு.

“நாட்டுக்கோழி முட்டை ஒண்ணு. ரெண்டு ரூவா.”

எச்.எம். சார் பாதி எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். பாண்டி கையைத் தூக்கினான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மூன்று தட்டு தட்டினேன். பாண்டி இரண்டு ரூபாய் நாணயத்தை மேஜையில் வைத்துவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டு போனான். சாராள் அக்கா காலிச் செம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அம்புட்டுத்தானா தம்பி?” என்றார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. படித்த படிப்பு அதை உடனே அமுக்கிவிட்டது. ஆமாக்கா, சந்தை விலை அதுதான் என்றேன். அவர் தவிட்டுச் செம்பைத் தூக்கிக்கொண்டு, விருந்துக்கும் நிற்காமல் வீட்டுக்குப் போனார்.

போதகர் வந்து கணக்கை வாங்கிப் பார்த்தார். முந்தைய வருடம் பதினோராயிரத்துச் சொச்சம். இந்த வருடம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். வெறும் தாள். அந்த வருடம் அவர் பெயர்களை வாசிக்கவில்லை.

முட்டையையாவது திரும்ப வாங்கிவிடலாம் என்று பாண்டியைத் தேடி ஓடினேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். முட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்து ஆம்லெட் போடச் சொல்லி, பாதியைத் தின்று முடித்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு ரூவா முட்டதான மாப்ள?” என்றான். விலை சொன்னவனே நான்.

வீட்டில் அப்பாவுக்குக் குரல் திரும்ப மூன்று நாளானது. அதுவரை திட்டவேண்டியதையெல்லாம் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வராது என்பதால், எஸ்தர் அவற்றை ஏற்ற இறக்கத்தோடு உரக்க வாசித்தாள். திங்கட்கிழமை மட்டும் ஒன்பது தாள்.

தாள்களைவிட என்னை அரித்தது அந்தக் காலிச் செம்பு. வருடத்தில் ஒரு நாள், இருநூறு பேர் முன்னால், இட்லிக்கடைக்காரி என்றில்லாமல் தன் பெயர் சொல்லப்படும் ஒரு மனுஷியின் வரியை நான் அழித்துவிட்டேன். வெட்கத்தில் அவர் கடைப் பக்கம் போகாமல் நாலு நாள் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். ஐந்தாவது நாள் இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துப் போதகரிடம் போனேன். இன்னொரு ஏலம் வேண்டும் என்றேன். அவர் விற்க என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து நேராகச் சாராள் அக்கா வீட்டுக்குப் போய், சட்னி அரைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் நின்று, தப்பு செய்துவிட்டேன் அக்கா என்றேன். அவர் நிமிரவில்லை. கோழி இன்றைக்கு இன்னும் முட்டை போடவில்லை என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை முருகேசன் மொபெட்டில் வந்தான். சரக்கை அவன் அப்பா கடையிலேயே விற்றிருக்கிறான். எங்கிருந்து வந்த சரக்கு என்று அப்பா கேட்க, இவன் பெருமையாகச் சொல்ல, அவர் கமிஷன் எடுக்கவும் மறுத்து, இரண்டு நாளாகப் பேசவும் மறுத்துவிட்டாராம். லாபம் அறுநூறு ரூபாயை என்னிடம் நீட்டினான். என்னிடம் தராதே, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர், ஜனங்களைச் செத்த நேரம் இருக்கச் சொன்னார். சாராள் அக்கா தவிட்டுச் செம்போடு முன்னால் வந்தார். உள்ளே ஒரு முட்டை. அப்பா குரல் திரும்பிய உற்சாகத்தில் மைக்கை எடுக்க எழுந்தார். அக்கா அவரைத் தாண்டி வந்து செம்பை என் கையில் கொடுத்தார்.

“நீயே வில்லு தம்பி,” என்றார். “இந்தத் தடவ வெல சொல்லாம வில்லு.”

நான் முட்டையைத் தூக்கிப் பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை. எச்.எம். சார் எழுந்து நின்று, என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்நூறு என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. திரும்ப வை என்றார். வைத்தேன். அதன்பிறகு அந்த முட்டை இருபத்து மூன்று முறை விலைபோனது. முருகேசன் கேட்டான், அறுநூறு, திரும்ப வைக்கச் சொன்னான். பாண்டி கையில் முட்டையைக் கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். அவன் தொடாமலேயே இருநூற்றைம்பது கொடுத்தான். இருவரும் கூடிப் பேசவில்லை. ஒருவனைவிட மற்றவன் கூடக் கேட்டு மூன்று சுற்று மோதினார்கள், நெற்றி வேர்த்துப்போய், சிரித்துக்கொண்டே. கடைசியில் போதகர் வாசித்தார்: “சாராள், முட்டை ஒன்று, ஏழாயிரத்து நூறு.” அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மேஜைக்குப் பின்னால் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

இரண்டையும் சேர்த்தாலும் முழுக் கூரைக்குப் போதவில்லை. பெண்கள் பக்கத்துக்குத்தான் தகடு போட முடிந்தது. ஆண்கள் பக்கம் இன்னொரு வருடம் ஒழுகியது. மழைக்கால ஞாயிறுகளில் அந்தப் பக்கமிருந்த நாற்பது பேரும் முதல் சொட்டு விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

முட்டையை மறுபடி ஏலம் விட்ட அந்த ஞாயிறு மதியமே மாடியில், கருங்கோட்டையில் அறுவடைத் திருவிழா என்று அறிவித்தேன். கோயில் கூரை ஒழுகுகிறது, ஏலம் நடக்கிறது, ஓர் ஏழைப் பெண் முட்டையோடு வந்து நிற்கிறாள் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறி என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. தொட்டிப் பக்கம் யாரும் எழுந்து போகவில்லை. எஸ்தர் ஆயிரம் என்றாள். முருகேசன் ஒன்பதாயிரம் என்றான். அம்மா டீ கொண்டுவருவதற்குள் நாற்பதாயிரமும், கல்யாண மண்டபமும், இருநூறு ஆடும், வாளிகளும் ஒரு முட்டைக்குப் போய்விட்டன. ஆட்டின் விலை மறுபடி ஒரு பொற்காசுக்கு இறங்கியது. கையில் சல்லிக்காசு இல்லாத மூவரும், பக்கத்தில் ஏதாவது குகை இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். ஆட்டம் அதற்குப் பிறகு நாலு வருடம் ஓடியது.

நான் இன்று ஒரு கம்பெனியில் காஸ்ட் அக்கவுன்டன்ட். பொருளுக்கு விலை சொல்வதுதான் எனக்குச் சம்பளம். வீட்டில் மட்டும் இருபது வருடமாக எனக்கு யாரும் எதன் விலையையும் சொல்வதில்லை. என் நிச்சயதார்த்தத்தன்றே எஸ்தர் மணப்பெண்ணைத் தனியே அழைத்து எச்சரித்துவிட்டாள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் என்ன விலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், “உங்களுக்கு எதுக்கு? மூணு தரம் சொல்லி ரெண்டு ரூவாய்க்கு வித்துருவீக,” என்கிறாள் மனைவி.

போன வருடப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். மேஜையில் செம்பு வந்ததும், ஏழு வயது மகள் எல்லோருக்கும் கேட்கும்படி, “அந்த முட்டை எவ்வளவுப்பா?” என்று என்னைக் கேட்டாள். பந்தல் மொத்தமும் திரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து சாராள் அக்காவின் குரல் வந்தது.

“சொல்லிறாத தம்பி.”